அகன்ற திரையும் சிறிய பெட்டியும்



பல ஆண்டுகளுக்கு முன், ராசாவில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சோழர் வரலாற்றைச் சுவையாகச் சொல்ல விரும்பி, 'ராஜராஜ சோழன்' திரைப்படத்தின் வீடியோ நாடாவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். அரசவைக் காட்சியின்போது ஒரு மாணவி எழுந்து, "சார், ராஜா யாரோடு பேசுகிறார்?" என்று கேட்டாள். பெட்டியில் நடிகர் திலகம் மட்டுமே தெரிந்தார். மறுமொழி எங்கிருந்தோ வந்தது. "கவனமாகப் பார், புரியும்" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அவள் கவனமாகத்தான் பார்த்திருக்கிறாள். எதிரே நின்றவரை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். முழு அகலத்தில் அப்படத்தை மீண்டும் பார்த்த அன்றுதான் எனக்கு அது விளங்கிற்று.

இந்த வெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்ததும் திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. பெட்டியால் தர இயலாத ஒன்றைத் தர வேண்டும் என்று எண்ணிய படநிறுவனங்கள் திரையை அகலமாக்கின. சினிமாஸ்கோப் முறையில் முதலாவதாக வெளிவந்த 'தி ரோப்' 1953ஆம் ஆண்டுப் படம். ஒளிப்பதிவின்போது ஒரு தனி வில்லை அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையிடும்போது இன்னொரு வில்லை அதனை விரித்துக் காட்டும். இந்தியில் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' 1959இல் இம்முறையில் வந்தது. தமிழுக்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏ. பி. நாகராஜன் இயக்கி, ஜி. உமாபதி தயாரித்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஆம், நான் வகுப்பில் காட்டிய அதே படம்! பேரரசின் விரிவைக் காட்ட எடுக்கப்பட்ட படத்தைத்தான் நான் ஒடுக்கிக் காட்டியிருக்கிறேன்.

கணக்கு எளிது. திரையின் உயரம் 3 அடி என்றால் இப்படத்தின் அகலம் ஏறத்தாழ 7 அடி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதமோ நான்குக்கு மூன்று. அதே உயரத்திற்கு 4 அடி அகலந்தான் கொள்ளும். மீதி 3 அடி போயிற்று. இரு ஓரங்களிலும் இருவர் நின்று உரையாடினால், நாடாவுக்கு மாற்றும் பணியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அல்லது சட்டத்தை இப்பக்கமும் அப்பக்கமும் நகர்த்துவார். இயக்குநர் வைக்காத வெட்டும் அசைவும் இவ்வாறு படத்தில் புகுந்தன. பெயர்கள் ஓடும்போது மட்டும் எழுத்து அறுபடாதிருக்க நெருக்கிய நிலையிலேயே விட்டுவிடுவார்கள். மனிதர்கள் எல்லாம் தென்னை மரம்போல் ஒல்லியாய் நெடிதாய்த் தோன்றுவது அதனால்தான்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் லயத்து மக்கள் பாயும் சாக்குமாக வந்து அமர்வர். துணியின் ஒரு மூலையில் நடப்பதை ஒருவர் பார்த்துச் சிரித்தால், மற்றவர் கண்ணும் அங்கே ஓடும். எதைப் பார்ப்பது என்னும் உரிமை நம்மிடம் இருந்தது. மலேசியாவில் 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1980களில் வீடியோ நாடாவும் பெருகிற்று. படம் வீட்டுக்கே வந்தது பெரும் வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறை பல படங்களைப் பாதியளவே கண்டு வளர்ந்தது.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப்படத்தையும் காட்டும் முறையும் இருந்தது. நம்மவர்க்கு அது பிடிக்கவில்லை. "காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் பாதி இருட்டா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள்.

இன்று பெட்டியே பதினாறுக்கு ஒன்பது என அகன்றுவிட்டது. இப்போது வெட்டுப்படுவது பழைய படங்கள். 1952இல் வந்த 'பராசக்தி' போன்றவற்றைத் திரை நிறையக் காட்ட முனைந்தால், மேலும் கீழுமாக ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். தலையில்லாமல் வசனம் பேசுவார்கள். இழுத்து விரித்தாலோ எல்லாரும் குண்டாகிவிடுவர். பெற்றோர்கள் தொலைக்காட்சியின் அமைப்பில் படவிகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் படம் காட்டும் ஆசிரியர்கள் முதல்நாளே ஓட்டிப் பார்த்துவிடுவது நலம். யாரோடு பேசுகிறார் என்று பிள்ளை கேட்டால் அதட்ட வேண்டாம்.