கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறதா? கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்ததை கண்டுபிடிப்பது எப்படி, மாற்றும்போது எதை கவனிக்கணும்?

கார் சிக்னலில் நிற்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறது. முன்பக்கம் எங்கிருந்தோ மாவு மில் ஓடுவது போல 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்ததும் காணாமல் போகிறது. காலை எடுத்ததும் திரும்ப வந்துவிடுகிறது.

நிறைய கிலோமீட்டர் ஓடிய மேனுவல் கியர் கார்களில் இது சகஜம். பட்டறைக்கு கொண்டுபோனால் "கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும் சார்" என்பார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீல் பேரிங் போட்ட சத்தத்துக்கு கியர்பாக்ஸை இறக்கினால் கூலி முழுசா தண்டம். உண்மையிலேயே கியர்பாக்ஸ் பேரிங் போயிருந்து, 'ஓடுற வரை ஓடட்டும்' என்று விட்டாலோ பேரிங்கோடு பல்சக்கரங்களும் சேர்ந்து போகும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை பெரும்பாலும் ஸ்பேனரே எடுக்காமல் சொல்லிவிடலாம். இரண்டு காதும் கிளட்ச் பெடலும் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இப்போது ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். இவற்றில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்து பானட்டுக்குள் குறுக்காக உட்கார்ந்திருக்கும். உள்ளே முக்கியமாக இரண்டு ஷாஃப்ட். கிளட்ச் வழியாக இன்ஜின் சுற்றுவது இன்புட் ஷாஃப்ட். சக்கரத்துக்கு விசையை அனுப்புவது அவுட்புட் ஷாஃப்ட். அதற்கடுத்து டிஃபரன்ஷியல். இவை ஒவ்வொன்றின் முனைகளையும் தாங்குவது பேரிங், பட்டறை பாஷையில் பால்ரஸ்.

பேரிங் வெறுமனே ஷாஃப்டை சுற்ற விடுவதில்லை. இரண்டு பல்சக்கரங்களும் சரியான ஆழத்தில் கவ்வும்படி ஷாஃப்டை நகராமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதனால்தான் பேரிங்கில் ஆட்டம் வந்தால் அது பேரிங்கோடு நிற்பதில்லை. ஷாஃப்ட் விலகும், பற்கள் ஓரத்தில் மட்டும் உரசும், கடைசியில் பல் உடையும். இன்னும் மோசமானால் பேரிங் உட்காரும் கேசிங்கின் துளையே தேய்ந்து பெரிதாகிவிடும். அப்போது புது பேரிங் போட்டாலும் நிற்காது, கேசிங்கையே மாற்ற வேண்டிவரும்.

நின்ற இடத்திலேயே ஒரு சோதனை

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓட விடுங்கள். ஏசியும் ஃபேனும் ஆஃப். கிளட்சில் கால் இல்லை. இந்த நிலையில் இன்புட் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது கிளட்சை முழுசா மிதித்து சில விநாடி காத்திருந்தால் அந்த ஷாஃப்ட் நின்றுவிடும்.

மிதித்ததும் உறுமல் நின்றால் சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் 'கீச்' அல்லது 'கரகர' சத்தம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இது கியர்பாக்ஸுக்கு வெளியே, கிளட்ச் பக்கம் இருப்பது. இதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் கியர்பாக்ஸை பிரிக்கத் தேவையில்லை. கூலியில் இது பெரிய வித்தியாசம். 'கியர்பாக்ஸ் ஓவர்ஹால்' என்று பில் போடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியை கேட்டே ஆகணும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐடிலிங்கில் மட்டும் 'கடகட' என்று தட்டுகிற சத்தம், ஆக்சிலரேட்டரை லேசாக தொட்டதும் மறைந்தால் அது பேரிங் இல்லாமலும் இருக்கலாம். லோடு இல்லாத கியர்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தமும் கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களில் அந்த ஃப்ளைவீல் தேய்ந்தாலும் இப்படித்தான் தட்டும். பேரிங் சத்தம் அப்படி தட்டாது. இழுத்து ஒரே சீராக உறுமும், ஆர்பிஎம் கூடக் கூட அதுவும் ஏறும். ரிவர்ஸில் மட்டும் வரும் 'வீ...' சத்தத்துக்கு பயப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அந்த சத்தம் பிறவியிலேயே வருவது.

ஓட்டிப் பார்க்கும்போது

நிற்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் 'வூம்ம்' என்று சத்தம் வந்தால் சந்தேகப் பட்டியல் மாறும். காலியான, நேரான ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு கொண்டுவந்து காரை உருள விடுங்கள். சாவியை மட்டும் ஆஃப் செய்யவே கூடாது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்கும் கல்லாகும். உருளும்போதும் சத்தம் தொடர்ந்தால் வீல் பேரிங், டயர், டிஃபரன்ஷியல் அல்லது அவுட்புட் பக்கம் பார்க்கணும். சத்தம் நின்றுவிட்டால் இன்புட் ஷாஃப்ட் பக்கம்.

வீல் பேரிங்கை பிரித்தறிய பழைய டிரைவர்களின் வழி ஒன்று. அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடதுபக்கம், வலதுபக்கம் என்று லேசாக அசைப்பது. இடதுபக்கம் திருப்பினால் வண்டியின் எடை வலதுபக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலது வீல் பேரிங் மேல் சந்தேகம். கியர்பாக்ஸ் சத்தம் பொதுவாக இதற்கு மாறாது. ஜாக்கி வைத்து தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்த பிறகு சக்கரத்தை கையால் சுற்றிக்கொண்டே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை மறுகையால் தொட்டால், கெட்ட பேரிங்கின் அதிர்வு விரலில் நன்றாக தெரியும்.

சத்தம் ஒரே ஒரு கியரில் மட்டும் வருகிறதா? அந்த கியருக்கு கீழே உள்ள ஊசி பேரிங் அல்லது அந்த கியரின் பல்லை பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கர இழுவை ஜீப், வேன் வகைகளில் இன்னொரு தடயம் உண்டு. அவற்றில் பலவற்றில் 4-வது கியர் நேரடி கியர். விசை அடியில் இருக்கும் லே ஷாஃப்டை சுற்றிப் போகாமல் நேராக போய்விடும். மற்ற கியர்களில் உறுமி 4-ல் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங்தான் கண்முன் நிற்கும் குற்றவாளி.

கியர் லீவரையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது எதிர்ப்பக்கமும் லீவர் தானாக நகர்ந்தால், உள்ளே ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தமாகலாம். ஐரோப்பாவில் ஓப்பல், வாக்ஸ்ஹால் கார்களில் வந்த எம்32 என்ற 6 ஸ்பீடு கியர்பாக்ஸ் இந்த அறிகுறிக்கே பெயர் போனது. ஆனால் இன்ஜின் மவுன்ட் ரப்பர் போனாலும் லீவர் ஆடும். மாற்ற செலவு குறைவு என்பதால் முதலில் மவுன்டை பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆயில் சொல்லும் கதை

இறக்குவதற்கு முன் கடைசி சாட்சி கியர் ஆயில். வடிகட்டும் போல்ட்டில் பல கார்களில் சின்ன காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிற மை போன்ற பசை ஒட்டியிருந்தால் அது சாதாரண தேய்மானம். விரலில் குத்துகிற செதில்கள், மினுமினுக்கும் துண்டுகள் வந்தால் பேரிங்கின் மேற்பரப்பு உரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆயில் டீ நிறத்தில், பால் கலந்தது போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் மூழ்கிய கார்களுக்கு இன்ஜின் ஆயிலை மாற்றியவர்களில் எத்தனை பேர் கியர் ஆயிலை மாற்றினார்கள் என்பது சந்தேகமே. கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீர் போகும். பேரிங்கில் துரு பிடித்து, சத்தம் மாதங்கள் கழித்து வரும்.

அளவு குறைந்தாலும் இதே கதிதான். சின்ன கார் கியர்பாக்ஸில் இருப்பதே சுமார் 2 லிட்டர். டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்து அரை லிட்டர் போனாலும் அது கால்வாசி. டேஷ்போர்டில் இதற்கு விளக்கு எதுவும் எரியாது.

மாற்றும் வேலை எப்படி நடக்கும்?

வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை இது. சின்ன கியர்பாக்ஸே 30 கிலோவுக்கு பக்கம் வரும், மேலே விழுந்தால் ஆபத்து. பேட்டரி கழற்றி, ஆயில் வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டும் உருவி, இன்ஜினுக்கு முட்டு கொடுத்த பிறகுதான் கியர்பாக்ஸ் கீழே வரும்.

பழைய பேரிங்கை புல்லர் வைத்து இழுப்பார்கள். புதிதை ஏற்றுவதில்தான் தரம் தெரியும். ஷாஃப்டில் இறுக்கமாக உட்காரும் பேரிங்கை உள்வளையத்தை மட்டும் அழுத்தி பிரஸ்ஸில் ஏற்றணும். வெளிவளையத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாக போய், புது பேரிங்கிலேயே குழி விழும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் அதே கதைதான். சில நாளிலேயே பழைய சத்தம் திரும்ப வந்து, 'பேரிங் டூப்ளிகேட்' என்று கடைக்காரர் மேல் பழி விழும். சீராக 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு சூடாக்கினால் உள்வளையம் விரிந்து தானாக நழுவி உட்காரும். கேஸ் டார்ச் நெருப்பை நேராக காட்டினால் எஃகின் கடினத்தன்மை போய்விடும்.

கோன், கப் வகை பேரிங் என்றால் இன்னொரு படி உண்டு. ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் இறுக்கத்தை மைக்ரோமீட்டர், டயல் கேஜ் வைத்து அளந்து அமைக்கணும். பழைய ஷிம்மையே கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒன்று ஆட்டம் இருக்கும், இல்லை சூடேறி கருகும். அளக்கும் கருவி பட்டறையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

செலவில் பெரும்பங்கு இறக்கி ஏற்றும் கூலிக்குத்தான் போகிறது. அதனால் ஆயில் சீல்கள், ரிலீஸ் பேரிங் இரண்டையும் அப்போதே மாற்றுவது லாபம். கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்துவிடலாம்.

எண்ணை பார்த்து வாங்குங்க

பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. உதாரணமாக 6305. முதல் 6 என்பது குண்டு வகை. கடைசி 05-ஐ 5-ஆல் பெருக்கினால் 25, அதுதான் மில்லிமீட்டரில் உள்விட்டம். வெளிவிட்டம் 62. நடுவில் ஒரு எண் மாறி 6205 ஆனால் உள்விட்டம் அதே 25, வெளிவிட்டம் 52 ஆகிவிடும். பின்னால் சி3 என்று இருந்தால் சூட்டில் விரிய உள்ளே கூடுதல் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதிதிலும் இருக்கணும். கியர்பாக்ஸில் கார் கம்பெனிக்கென்றே செய்த அளவுகளும் உண்டு, அவற்றை பார்ட் நம்பர் கொடுத்துத்தான் வாங்க முடியும். போலி பேரிங்குகள் சந்தையில் நிறைய. எஸ்கேஎஃப் நிறுவனம் ஒரிஜினலா என்று சரிபார்க்க தனி மொபைல் ஆப்பே வைத்திருக்கிறது.

ஆயிலிலும் மேனுவலில் போட்ட கிரேடை மாற்ற வேண்டாம். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் 'இது இன்னும் பவர்' என்று ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

சத்தத்தோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? இதற்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது. லேசான உறுமல், ஆயிலில் செதில் இல்லை என்றால் பட்டறை தேதி வரை உள்ளூரில் மெதுவாக ஓட்டலாம். செதில் வந்துவிட்டால், கியர் தானாக நழுவினால், சத்தம் நாளுக்கு நாள் ஏறினால் ஓட்டக்கூடாது. உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் ஓடும்போதே சக்கரம் லாக் ஆகலாம்.

வேலை முடிந்ததும் கழற்றிய பேரிங்கை கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு ஆயில் விட்டு, விரலால் மெதுவாக சுற்றிப் பாருங்கள். வளையத்தில் குழியோ நீலம் பாரித்த நிறமோ இருக்கும், சுற்றும்போது கையில் நெருடும். எந்த நெருடலும் இல்லாமல் வழவழவென்று சுற்றினால், அந்த சத்தம் வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது. பில்லை கட்டுவதற்கு முன் காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.