உதவி மைய அதிகாரப் பகிர்வு
கடவுச்சொல் மாற்றம், பூட்டிய கணக்கைத் திறத்தல் போன்ற வேலைகளை மேல்நிலை நிர்வாகிக்கு அனுப்பாமல் முதல்நிலைப் பணியாளரே முடிக்க வழிசெய்யும் ஏற்பாடு. இத்தகைய கோரிக்கைகள் மேலே செல்வது திறமைக் குறைவால் அல்ல, அனுமதிக் குறைவால்தான். விண்டோஸ் 2000 உடன் வந்த, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலேயே, ஒரு பிரிவின் கணக்குகளுக்கு மட்டும் கடவுச்சொல் மாற்றும் உரிமையைத் தனியே தர முடிந்தது. விண்டோஸின் நிர்வாகக் கட்டளைக் கருவியான பவர்ஷெல் 5.0 இன்னும் நுட்பமாக, குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் தற்காலிக மெய்நிகர் கணக்கில் இயக்கவிட்டு, செய்தவற்றைப் பதிவுசெய்யவும் இடமளித்தது. நிர்வாகியின் கடவுச்சொல் பணியாளர் கைக்கு வருவதே இல்லை.

இத்தகைய கருவி பலர் கைக்குப் பரவினால் ஆபத்தும் பரவும் என்ற மறுப்பு வலுவானது. 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றியவர்கள், உள்கருவிகள் வழியே 130 கணக்குகளைக் குறிவைத்தனர். அது அகன்ற அனுமதியின் கேடு. குறுகிய அனுமதிக்கு எதிரான சான்றன்று. நிர்வாகிகளின் கணக்குகளை எல்லைக்கு வெளியே நிறுத்தாத, அழைப்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்காத கருவியை மட்டும் உதவி மையத்திடம் தரவே கூடாது.