யார் அந்நியர்?

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டதும், 1974-ல் நாங்கள் தஞ்சைக்குப் போன கல்விச் சுற்றுலாதான் நினைவுக்கு வந்தது.

பெரிய கோயில் பிரகாரச் சுவரில் நீளமாக மராத்திக் கல்வெட்டு. "சோழன் கோயில்ல அந்நியனுக்கு என்னய்யா வேலை?" என்று சத்தமாகக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் அறைத்தோழன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல பேசுறது மராத்திடா. அப்ப நானும் அந்நியனா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1676-ல் ஏகோஜி தஞ்சை அரியணை ஏறினார். 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், கும்பினியார் அந்த அரசுக்கு முடிவு கட்டினார்கள். இடையில் 179 ஆண்டுகள்! நான் கேலி செய்த கல்வெட்டு, 1803-ல் இரண்டாம் சரபோஜி தம் குலவரலாற்றை வெட்டுவித்தது. நாயக்கர் காலத்துச் சரசுவதி மகாலைச் சுவடிகளும் அச்சு நூல்களும் சேர்த்துப் பெரிதாக்கியவரும் அவரே. பரதக் கச்சேரிக்கு வரிசை வகுத்த தஞ்சை நால்வர் இருந்த அவை அது. நம் கதாகாலட்சேபமும் மராத்தியக் கீர்த்தனக்காரர்களைப் பார்த்து வளர்ந்ததுதான்.

அதற்காகப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்தவரும் இதே சரபோஜிதான். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

ஆனால் நம் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது எதை? சாம்பாரை! சாம்பாஜி பெயரால் வந்ததாம். கதை சுவையானதுதான், உறுதியான சான்று கிடையாது. சான்றாக நிற்கும் அரண்மனைக் கணக்குகளோ மோடி என்னும் மராத்திக் கூட்டெழுத்தில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் ஒருவராவது அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

கடைசியாக ஒரு சொந்த விஷயம். படிப்பு முடிந்தபின் அந்தத் தோழனை நான் பார்க்கவே இல்லை. இந்த மலர் அவன் கைக்குக் கிடைத்தால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே மண்ணில் பிறந்து, ஒரே விடுதிச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் நாம். அன்னிக்கு நான் கேட்டது தப்புடா. அடுத்த சந்திப்புக்கு அவசியம் வா.