வகையும் மாந்தரும்: பேராதனைக் கூத்து மேடையில் பாத்திர விளக்கம்

நாடக மரபுகள் யாவும் மாந்தரை வகைப்படுத்தியே தொடங்குகின்றன. வடமொழி நாட்டிய சாத்திரம் தலைவரை நால்வகையினராகப் பகுத்தது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டும், ஆடுவோர் ஏற்கும் பாத்திரங்களைப் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூவகையாகவே முதலில் வகுத்தது. இத்தகைய வகை விளக்கம் ஆடுவோனைக் கட்டுப்படுத்தும் வரம்பா, அன்றி அவன் தொடங்குதற்குரிய இடம் மட்டுமா என்பது பழமையான வினாவாகும். ஈழத்துத் தமிழரிடையே இவ்வினா ஏட்டளவில் நில்லாது மேடையில் எழுந்த இடம், கண்டி மாநகரை அடுத்து மகாவலி கங்கைக் கரையில் அமைந்த பேராதனை வளாகமாகும்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். கூத்துப் பழகத் தொடங்குகையில் அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடலமைப்பையும் நோக்கிப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிப்பார். இதனைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். அரசன், மந்திரி, முனிவன், பெண், அரக்கன் ஆகியோர்க்கு உரிய ஆட்டமும் உடையும் தாளக்கட்டும் மரபால் வரையறுக்கப்பட்டுள்ளன. களரியில் தோன்றும் பாத்திரத்தின் பெருமையையும் இயல்பையும் வரவுப் பாட்டு எடுத்துரைக்கும். அப்பாட்டிற் பாத்திரம் தன்னையே படர்க்கையில் விவரித்துக்கொள்வதும் உண்டு.

இவ்வமைப்பு காரணமின்றி எழுந்ததன்று. வட்டக்களரியைச் சூழ்ந்து விடியுமட்டும் விழித்திருக்கும் மக்கள், வருபவன் யாவன் என்பதைத் தொலைவிலிருந்தே அறிதல் வேண்டும். எனவே வரவுப் பாட்டும் ஆட்டமும் பாத்திரத்தை உலகம் எவ்வாறு காண்கின்றது என்பதைக் கூறுகின்றன. ஆனால், அவன் ஏன் அவ்வாறாயினான் என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. விளக்கத்திற்கும் விளக்கப்படுபவனுக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியே பிற்காலத்து மாற்றத்திற்கு வாயிலாயிற்று.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம் பெயர்ந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, நாடகம் என வழங்கிய சிங்கள மரபை அடிப்படையாகக் கொண்டு 1956இல் ‘மனமே’ என்னும் நாடகத்தை அளித்தார். அம்மரபு தமிழ்க் கூத்தோடு தொடர்புடையது. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’ ஆகியன ஆடப்பெற்றன. இரவு முழுவதும் நிகழ்ந்த கூத்து ஓரிரு மணி நேரத்திற்குள் சுருக்கப்பட்டது. வட்டக்களரி நீங்கிப் படச்சட்ட மேடை வந்தது. நீண்ட வரவுகள் குறைந்தமையால், அவை சுமந்திருந்த பாத்திர விளக்கத்தின் பெரும்பங்கை நடிப்பே ஏற்கவேண்டியதாயிற்று.

இதன் விளைவு அறுபதுகளின் நடுப்பகுதியில் அரங்கேறிய ‘இராவணேசன்’ கூத்திலே தெளிவாகப் புலப்பட்டது. அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு அதனை எழுதி இராவணனாகவும் ஆடினார். மரபுப்படி இராவணன் அரக்கன். மிடுக்கும் செருக்கும் அவ்வகைக்குரிய இலக்கணம். பேராதனை மேடையிலோ அச்செருக்கு ஒரு மனிதனின் வீழ்ச்சிக்குக் காரணமாக விளக்கம் பெற்றது. தம்பியையும் மகனையும் போரில் இழந்தும் மானத்தைக் கைவிடாத தனியன் ஒருவனை அவையோர் கண்டனர். கம்பன் தன் காவியத்தில் இராவணனுக்கு அளித்திருந்த பெருமிதம் இதற்குத் துணை நின்றது.

இம்மாற்றத்திற்கு எதிரான வாதமும் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. வட்டக்களரி நீங்கியபோது, ஊரார் ஒன்றுகூடிக் கூத்தைத் தமதாகக் கொள்ளும் உறவும் தளர்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்தையும் தனிமனிதனாக்கின், கூத்து தன் பொதுமொழியை இழந்து உரைநடை நாடகமாகிவிடும் என்பதும் ஒரு நியாயமே. ஆயினும் ‘இராவணேசன்’ தாளக்கட்டையோ ஆட்டத்தையோ கைவிடவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அரக்கனுக்குரிய ஆட்டத்தினுள்ளேயே மனிதனின் துயர் வெளிப்பட்டது. இங்கு மாறியது வடிவமன்று. அதற்குக் கற்பிக்கப்பட்ட காரணமே மாறியது.

இதனின்றும் ஒரு நெறி பெறப்படுகின்றது. வகை விளக்கம் ஒருவன் எவ்வாறு அசைவான், எதனைச் செய்யான் என்பவற்றை வரையறுக்கலாம். அவன் எதன்பொருட்டு அவ்வாறு செய்கின்றான் என்பதை வரையறுத்தல் அதற்கு இயலாது. முற்கூறிய மேசை விளையாட்டிலும் சமயகுரு கூரிய படைக்கலம் ஏந்தலாகாது என்பது தொடக்ககால விதியாயிருந்தது. அவன் ஏன் குருவானான் என்பதோ ஆடுவோனுக்கு விடப்பட்டது. விதியை முற்றாக மறுப்பவன் ஆட்டத்தையே இழக்கின்றான். விதியே முழுமனிதனெனக் கொள்பவன் பாத்திரத்தை இழக்கின்றான்.

வித்தியானந்தன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றி 1989இல் மறைந்தார். மௌனகுரு அக்கலையை மட்டக்களப்புக்கே மீளக் கொண்டுசென்றார். இன்று கூத்து பல்கலைக்கழகங்களிற் பாடமாகப் பயிலப்படுகின்றது. அரசன் இன்னவன், அரக்கன் இன்னவன் எனத் தேர்வுக்கு மனனஞ் செய்யப்படும் வரைவிலக்கணங்கள் களரியில் உயிர்பெற்ற பாத்திரங்களை மறைத்துவிடக்கூடும். ‘சட்டம்’ என்னும் சொல் விதியையும் குறிக்கும். படத்தைத் தாங்கும் மரச்சட்டத்தையும் குறிக்கும். அண்ணாவியார் கொடுத்த சட்டத்தை இரண்டாவது பொருளிற் கொள்ளுதலே கூத்தைப் பயில்வோர்க்கு உகந்ததாகும்.