பழவேற்காட்டுப் பாதிரியார் படித்த புத்தகம்

பழவேற்காடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூநாரையும் இறாலும்தான். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டச்சுக் கல்லறைகளைச் சொல்வார்கள். சமஸ்கிருதக் கவிதை நூல் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேற வழி பிறந்ததும் இந்த ஊரில்தான். அந்த வேலையைச் செய்தவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கிய ஒரு பாதிரியார். அவர் பெயர் ஆபிரகாம் ரோகேரியஸ்.

அவர் வந்த காலத்துப் பழவேற்காடு பரபரப்பான துறைமுகம். 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை வைக்க அனுமதி பெற்றார்கள். இரண்டே ஆண்டில் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். அதன் பிறகு, 1613-இல், கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது இந்தக் கோட்டைதான். சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறி, கிழக்கே இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், அங்கே மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். துணியைப் போலவே மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கணக்குப் புத்தகமும் பைபிளும் தவிர வேறு ஏட்டுக்கு வேலை இல்லாத இடம் என்று தோன்றும்.

ரோகேரியஸும் அந்த வட்டத்துக்குள் வளர்ந்தவர்தான். கீழை நாடுகளுக்கு அனுப்பப் போதகர்களைத் தயார் செய்வதற்காக லைடனில் கம்பெனி நடத்திய இறையியல் பள்ளியில் படித்தவர். 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் பழவேற்காட்டில் இருந்தார். கோட்டைக்குள் பிரசங்கம், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று அவருக்கு விதிக்கப்பட்ட வேலைகளே போதுமானவை. காய்ச்சலுக்கும் பேதிக்கும் ஐரோப்பியர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்குச் சாவு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவர் பத்மநாபன் என்ற பிராமணருடன் உட்கார்ந்தார். பாதிரியாருக்குச் சமஸ்கிருதம் தெரியாது, பத்மநாபனுக்கு டச்சு தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துகீசியம். எந்தப் போர்த்துகீசியரை எதிர்த்துக் கோட்டை கட்டினார்களோ அவர்களின் மொழிதான் அன்று இந்தக் கரையின் சந்தை மொழி. பத்மநாபன் சுலோகத்தின் பொருளைப் போர்த்துகீசியத்தில் சொல்ல, ரோகேரியஸ் அதை டச்சில் எழுதிக்கொண்டார்.

படித்தது பர்த்ருஹரியின் சதகங்களை. தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் அந்நியமில்லை. அரசைத் துறந்து பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியாரின் கதையும், மனைவியின் துரோகம் கண்டு துறவு பூண்ட பர்த்ருஹரியின் கதையும் ஒரே மரபில் கிளைத்தவை. பட்டினத்தார் சமாதி அடைந்ததாகச் சொல்லப்படும் திருவொற்றியூர், பழவேற்காட்டிலிருந்து இதே கரையோடு தெற்கே போனால் வந்துவிடும். மூன்று சதகங்களில் நீதியும் வைராக்கியமும் டச்சுக்குப் போயின. சிருங்காரத்தைப் பேசும் சதகம் போகவில்லை. போன இரண்டும் பாட்டாகப் போகவில்லை, உரைநடைப் பொன்மொழிகளாகப் போயின. விண்ணுலகுக்கான வழியைப் பற்றி நூறு, மனிதர் நடந்துகொள்ள வேண்டிய விதத்தைப் பற்றி நூறு. சந்தமும் சிலேடையும் கரைந்துபோயின. எஞ்சி நின்ற கருத்துக்கு மட்டும் கடல் தாண்டும் வலு இருந்தது.

ரோகேரியஸின் நோக்கம் மதம் பரப்புவது. அதை மறைக்க வேண்டியதில்லை. நூலின் தலைப்பே ‘மறைந்துகிடக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு’ என்றுதான் வருகிறது. ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே பார்த்ததைப் பொறுமையாக எழுதினார். பிராமணர்களின் வாழ்க்கை, சடங்கு, வழிபாடு, நான்கு வேதங்களைப் பற்றித் தான் கேட்டறிந்தவை என்று பக்கம் பக்கமாக வருகிறது. கூடவே அதைச் சொன்னவரின் பெயரையும் பதிவு செய்தார். காலனியக் காலத்து நூல்கள் பலவற்றில் ‘ஒரு பிராமணன் சொன்னான்’ என்பதோடு முடிந்துவிடும் இடத்தில் இங்கே பத்மநாபன் பெயரோடு நிற்கிறார். இந்த ஒன்றுக்காகவே ரோகேரியஸை மதிக்கலாம்.

அச்சான நூலை அவர் பார்க்கவில்லை. பத்தாவியா வழியாகத் தாய்நாடு திரும்பி 1649-இல் இறந்துபோனார். கையெழுத்துப் படியைக் காப்பாற்றி 1651-இல் லைடனில் வெளிவரச் செய்தவர் அவருடைய மனைவி. 1663-இல் ஜெர்மனிலும் 1670-இல் பிரெஞ்சிலும் நூல் வந்தது. ஜெர்மன் பதிப்பு வந்து ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டர் அந்தப் பொன்மொழிகளை எடுத்து மறுபடியும் செய்யுளாக்கி 1792-இல் வெளியிட்டார். சார்லஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1785-இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே பழவேற்காட்டுச் சுலோகங்கள் ஐரோப்பிய அலமாரிகளில் இருந்தன.

தன் துறைக்கு வெளியே படிப்பவருக்குத் தன் ஆட்களிடமிருந்தே எதிர்ப்பு வரும். பின்னாளில் தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு பட்டது அதுதான். தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு விளக்கத்துடன் ஒரு பட்டியலே தயாரித்தவர் அவர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த அவருடைய மேலாளர்கள் அச்சிட மறுத்தார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. படித்ததனால் சீகன்பால்கு தன் விசுவாசத்தை இழந்துவிடவில்லை. தான் யாரிடம் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். வழக்கத்துக்கு மாறான புத்தகத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ரோகேரியஸிடம் ஒரு குறையும் உண்டு. அவர் பார்த்த ஊர் பத்மநாபனின் கண் வழியாகத் தெரிந்த ஊர். ஏரியில் வலை போட்டவர்களின் வாழ்க்கைக்கு அந்த நூலில் பெரிய இடம் இல்லை. இன்றும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் இறால் கிடைக்கும் இடங்களைப் ‘பாடு’ என்ற முறைப்படி பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டு முடிவு செய்யும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை சுற்றி வரும். சர்க்கார் எழுதித் தராத இந்தச் சட்டத்தை ஊரே காக்கிறது. அதைப் பற்றி மீன்வள ஆய்வாளர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி ஆங்கில ஆய்விதழ்களில் கிடக்கிறது. நீதி நூல் படிக்கிறவர்கள் மீன்வளக் கட்டுரையைத் தொடுவதில்லை, மீன்வளம் படிக்கிறவர்கள் சதகங்களைத் தொடுவதில்லை. பங்கீட்டு நியாயம் என்ற ஒரே கேள்வியைத்தான் இரண்டும் கேட்கின்றன என்பது இரண்டையும் படித்தவருக்கே தெரியும்.

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கல்லறை வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். டச்சு வணிகத்தைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்துவிட்டுப் போங்கள். வரலாறு தேடிப் போகிறவர்கள் குப்பத்துப் பெரியவர்களிடம் பாடு எப்படி விழுகிறது என்று கேளுங்கள். சொல்பவரின் அனுமதியோடு, அவர் பெயரோடு, தமிழில் எழுதி வையுங்கள்.