இழுக்கிற பம்பும் தள்ளுற பம்பும்

போன மாசம் ஒரு முகூர்த்த நாளில் எங்க பியட் சத்தியமங்கலம் ரோட்டில் நின்னுபோச்சு. 1982 மாடல் பிரீமியர் பத்மினி. பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும் சீர்த் தட்டோடு உட்கார்ந்திருந்தாங்க. மணி பதினொண்ணு, நல்ல வெயில். அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "பம்பு மேல துணியை நனைச்சுப் போடுறா, அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுக்கும்" என்றார்.

பழைய பியட் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவங்களுக்கு இந்த வைத்தியம் தெரியும். துணியைப் போட்டேன், கால் மணி நேரம் காத்திருந்தோம். வண்டி எந்திரிக்கவே இல்லை. சீர்த் தட்டு டவுன் பஸ்ஸில்தான் மண்டபம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் அண்ணன் பட்டறையில் விட்டேன். அவருக்கு எழுபது வயசு இருக்கும். நாலு ஸ்குரூவைக் கழற்றி, பம்பைப் பிரித்து ஒரு பழைய பேப்பர் மேல் வைத்தார். நடுவில் இருந்த ரப்பர் வட்டம் உப்பி ஓரத்தில் கிழிந்திருந்தது. சல்லடையில் குங்குமம் மாதிரி துரு.

"இந்தப் பம்பை மட்டும் மாத்துனா ஒரு மாசம் தாங்காதுங் தம்பி. டேங்க்கு உள்ளார செத்துப்போச்சு" என்றார்.

தப்பு என்னோடதுதான். ரெண்டு வருஷமா வண்டியை அரை டேங்க் பெட்ரோலோடு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். பாதி டேங்க் காற்று, காற்றுக்குள் ஈரம். தகரம் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

பேப்பர் மேல் பரப்பி வைத்திருந்த பம்பைப் பார்த்தபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. உள்ளே விட்டால் வெளியே விடாத வால்வு ஒண்ணு, வெளியே விட்டால் உள்ளே விடாத வால்வு ஒண்ணு. நடுவில் ஏறி இறங்கும் ரப்பர். நம்ம கிணத்து ஃபுட் வால்வுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது, கார் பம்பின் கதையும் கிணத்துப் பம்பின் கதையும் ஒரே வழியில் வந்திருப்பது புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிணறு. எங்க அப்பாரு காலத்தில் கவலை ஓட்டினாங்க. ரெண்டு மாடு, வடம், தோல் சால். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். கிணறு எவ்வளவு ஆழம் என்றாலும் வடம் நீளமாக இருந்தால் போதும். பைகாரா மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்த பிறகு கோயமுத்தூர்ப் பக்கம் கரண்ட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கு மோட்டாரும் வந்தது.

இந்த மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீருக்கு மேலே கிட்டத்தட்ட 25 அடிக்குள் உட்கார்ந்தால்தான் இழுக்கும். தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் திட்டு வெட்டி இறக்கணும். சின்ன வயசில் எங்க 5 குதிரைத் திறன் மோட்டாரைக் கயிறு கட்டி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்த வரம்பு? இத்தாலியில் கிணறு வெட்டுறவங்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. 10 மீட்டருக்கு மேல் எந்தப் பம்பும் தண்ணீரை இழுக்காது என்பதை கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவரிடம் வேலை பார்த்த டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துக் காரணத்தைக் காட்டினார். உண்மையில் பம்பு எதையும் இழுப்பதில்லை. குழாயில் காற்றைக் குறைக்குது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்று தன் எடையால் தண்ணீரை உள்ளே தள்ளுது. காற்றின் எடை 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதுக்கு மேல் அதால் முடியாது.

இப்போது காருக்கு வருவோம். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பம்பே கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் மாதிரி தானாக இன்ஜினுக்கு ஓடும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது டேங்கில் பெட்ரோல் கம்மியாக இருந்தால், இன்ஜின் மேட்டுக்குப் போயிடும், டேங்க் பள்ளத்துக்கு வந்திடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடு ஏறினாங்க. அடுத்து 1927 கடைசியில் வந்த மாடல் ஏ காரில் டேங்கை இன்னும் உயரத்தில், முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தாங்க. அதாவது ஓட்டுறவர் மடிக்கு நேர் எதிரே பெட்ரோல்.

டேங்கைப் பின்னாடி, கீழே, பத்திரமாக வைக்கணும்னா பெட்ரோலை மேலே கொண்டுவர ஒரு ஆள் வேணும். 1920-களின் கடைசியிலிருந்து அந்த வேலைக்கு வந்ததுதான் இந்த ரப்பர் வட்டப் பம்பு. இன்ஜினோடு ஒட்டி நிற்கும். உள்ளே சுற்றும் கேம் ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் ரப்பரைக் கீழே இழுக்கும்போது பின்னாடி டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். ஒரு ஸ்பிரிங் ரப்பரை மேலே தள்ளும்போது அது கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிறைஞ்சுட்டா ஊசி அடைச்சுக்கும், ரப்பர் கீழேயே நிற்கும், நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். கரண்ட் வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம். தோட்டத்தில் தொட்டி நிறைஞ்சதும் தானாக நிற்கும் மோட்டாரை யார் பார்த்திருக்கிறோம்?

ஆனால் இதுவும் இழுக்கிற பம்புதான். பெட்ரோலில் ஒரு பகுதி 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகும். பம்பு இழுக்கும்போது குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா அதைவிடக் கம்மிச் சூட்டிலேயே ஆவியாகும். இன்ஜின் சூடு, சித்திரை வெயில் எல்லாம் சேர்ந்தால் குழாய்க்குள் ஆவி நின்றுகொள்ளும். நம்ம மோட்டாரில் ஏர் பிடிக்கிறது மாதிரியே. பம்பு அடிக்கும், பெட்ரோல் வராது. ஈரத் துணி அந்த ஆவியைத்தான் திரும்பப் பெட்ரோலாக்குது. அப்பாவின் வைத்தியம் விஞ்ஞானம்தான். அன்றைக்கு வந்த நோய் வேற, அதான் கேட்கலை.

இந்த மாதிரி வண்டிகளை நம்ம ஆட்கள் இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாங்க என்றால், வேற வழி இல்லை. 1950-களின் நடுவில், இங்கேயே பாகங்களைச் செய்யாமல் வெறுமனே பூட்டி விற்ற கம்பெனிகள் கிளம்பிவிட்டன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது போனவைதான். மிஞ்சியவை முக்கியமாக மூணு: உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பியட், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட். பியட் 1100 பெயர் மாறி 1970-களின் நடுவில் பத்மினி ஆனது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லலை, கடைசிவரை பியட்தான். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. நின்றுபோனால் அதைச் சரி பண்ணித்தான் ஆகணும். அதனால் ஊருக்கு ஊர் பம்புக்கு ரப்பர் கிட் விற்றது, டிங்கர் கடையில் டேங்குக்கு ஒட்டுப் போட்டாங்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருந்தது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலும் முதலில் இதே ரப்பர்ப் பம்புதான். 2000 வாக்கில் புகை விதிகள் கடுமையாகி, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அப்போது பம்பு இடம் மாறியது. மின்சாரப் பம்பாகி நேராக டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்துகொண்டது. இப்போது இழுக்கிற வேலை இல்லை, தள்ளுற வேலை மட்டும்தான். தள்ளும்போது அழுத்தம் கூடும், கூடினால் சுலபத்தில் ஆவியாகாது. ஈரத் துணிக்கும் வேலை போச்சு. ஆனால் கெட்டுப்போனால் பிரித்துப் பார்க்க ஒண்ணும் இல்லை. பின் சீட்டைத் தூக்கி, மொத்தமாகக் கழற்றி, புதுசு மாட்டணும்.

கிணற்றிலும் இதேதான் நடந்தது. 25 அடி வரம்பைத் தாண்ட, மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கினாங்க. இந்த சப்மெர்சிபிள் பம்பை அர்மாய்ஸ் அருடுனாஃப் என்பவர் 1920-களில் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறுகளுக்காகச் செய்து காட்டினார். பெட்ரோல் எடுக்கப் பிறந்த பம்புதான் இன்றைக்கு எங்க போரில் 700 அடிக்குக் கீழே கிடக்கிறது. போன வருஷம் அது எரிந்தபோது என்னால் செய்ய முடிந்தது, லாரிக்காரருக்கு போன் போட்டது மட்டும்தான்.

ரெண்டு கதையும் ஒண்ணு என்றேன். ஒரு இடத்தில் பிரியுது. காரில் தள்ளுற பம்பு வந்ததால் நல்லதே நடந்தது. கிணற்றில் அப்படி இல்லை. டாரிசெல்லி கண்டுபிடித்த 10 மீட்டர், நாங்க போட்டுக்காத வேலி. தண்ணீர் இறங்கினால் மோட்டார் நின்றுவிடும், நாங்களும் நிறுத்திக்குவோம், கிணறு ஊறும். தள்ளுற பம்புக்கு அந்த வேலி தெரியாது. குதிரைத் திறனைக் கூட்டிக்கொண்டே ஆழத்துக்குப் போனோம். எங்க திறந்த கிணறு வறண்டு பல வருஷம் ஆச்சு. பழைய மோட்டார் இன்னும் அந்தத் திட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கு.

பட்டறைக்குத் திரும்புவோம். ரப்பர் ஏன் உப்பியது என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். "உங்க கரும்புதாங் தம்பி." பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-இல் 10 சதவீதம் ஆனது, 2025-இல் 20. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவது அது. அந்தக் காலத்து ரப்பரை அது ஊறவைத்து உப்ப வைக்கும். டேங்கில் ஒட்டியிருக்கும் பழைய கசடைக் கரைத்துக் கிளப்பும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் மூணு ஏக்கர் கரும்பு போடுறவன். ஆலை எத்தனால் ஓட்டினால் பாக்கி சீக்கிரம் வரும் என்று நம்புறவன். எங்க வண்டியின் பம்பைக் கொன்ற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

டேங்குக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ரெண்டு நாள் அலைந்தோம். துரு ஏறாத ஒண்ணு கிடைத்தது. அண்ணன் அதில் ஒரு சைக்கிள் செயினையும் கொஞ்சம் பொடி ஜல்லியையும் போட்டுக் குலுக்கி, கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவைத்தார். "காலி டேங்க்குன்னு யாரும் பத்தவைக்கக் கூடாது. பெட்ரோலை விட அந்த ஆவிதான் வெடிக்கும்" என்று பட்டறைப் பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பம்புக்கு ரெண்டு வழி இருந்தது. டேங்குக்குப் பக்கத்தில் சின்ன மின்சாரப் பம்பு வைக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியோடது ஆகாது, அதன் அழுத்தம் பத்து மடங்குக்கு மேல், கார்புரேட்டர் பொங்கிவிடும். குறைந்த அழுத்தப் பம்பு தனியாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் பழைய பம்புக்கே எத்தனால் தாங்கும் ரப்பர் போடலாம். எனக்கு மின்சாரம்தான் சரி என்று பட்டது. அப்பாவிடம் கேட்டேன்.

"பழசே இருக்கட்டும். நின்னா பானட்டைத் தூக்கிப் பாக்கலாம். அந்த போர் மாதிரி, போன் பண்ணிட்டு உக்காந்திருக்க முடியாது" என்றார்.

ரப்பர் மாற்றி மாட்டினோம். போன ஞாயிறு அப்பாவை உட்கார வைத்து அதே ரோட்டில் அக்கா வீடு வரை போய் வந்தேன், நிற்கலை. ஆனாலும் கிளம்பும்போது அப்பா ஒரு துண்டுத் துணியை நனைத்து மடித்து டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

உங்க வீட்டு ஷெட்டிலும் தாத்தா வண்டி ஒண்ணு நிற்கலாம். ஓட்டலைன்னா பெட்ரோலை இறக்கிவிடுங்க. ஓட்டுறதா இருந்தா பம்பு ரப்பரையும் ரப்பர் குழாய்களையும் முதலில் மாற்றுங்க. மாசம் ஒரு தடவையாவது ஒரு நடை போய் வாங்க.

கரும்பு வெட்டு ஆரம்பிக்குது. அடுத்த பதிவு வரக் கொஞ்சம் தாமதமாகும்.