ஏப்ரல் முதல் நாளும் நம் பினாங்கும்



ஏப்ரல் முதல் நாள் என்றாலே பிள்ளைகளுக்குப் பிறரை ஏமாற்றிச் சிரிக்கும் நாள். அன்று வகுப்பில் நுழைந்ததும் நான் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதுவேன்: 1867, 1946. நம் பினாங்கு இருமுறை கைமாறியது இதே நாளில்தான்.

1826ஆம் ஆண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்னும் பெயரில் ஒன்றிணைக்கப்பட்டன. அவற்றை ஆண்டது இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சி. ஆகவே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், ஒரே ஆட்சியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தவரே ஆவார். கல்கத்தா தங்களைக் கவனிப்பதில்லை என்று நீரிணைப் பகுதி வணிகர்கள் முறையிட்டு வந்தனர். அதன் பயனாக, 1867 ஏப்ரல் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு லண்டனிலிருந்த காலனித்துவ அலுவலகத்திற்கு மாறியது. ஹாரி ஆர்ட் ஆளுநராகப் பதவியேற்றார். வணிகர்களின் கோரிக்கை நிறைவேறியது. ஆனால், இந்தியச் சட்டத்தின் பார்வையில் பினாங்கு அன்றே அயல்நாடாயிற்று. கூலித் தொழிலாளர் இங்கு வருவதே சட்டத்திற்குப் புறம்பாயிற்று. 1872ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றியே அவ்வழி மீண்டும் திறக்கப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் நிலவிய இராணுவ நிர்வாகம் 1946 ஏப்ரல் 1ஆம் நாள் முடிவுற்றது. அன்றே பினாங்கும் மலாக்காவும் ஒன்பது மலாய் மாநிலங்களுடன் மலாயன் யூனியனில் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் தனிக் காலனியாயிற்று. 120 ஆண்டு உறவு அத்துடன் அறுந்தது. மலாயாவில் பிறந்தோர்க்கு இனம் பாராது குடியுரிமை வழங்குவதாக யூனியன் திட்டம் கூறிற்று. சுல்தான்களின் இறைமை பறிபோவதையும் இக்குடியுரிமையையும் மலாய் மக்கள் கடுமையாக எதிர்த்தனர். குடியுரிமை விதிகள் நடைமுறைக்கு வராமலேயே 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியோர்க்கு நிபந்தனைகள் கடுமையாயின.

இவ்விரு நாள்களிலும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர் இடம் பெயரவில்லை. அவர் எந்த நாட்டவர் என்பதை மட்டும் எங்கோ எழுதப்பட்ட காகிதம் மாற்றிவிட்டது. அவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. பாடநூலில் ஆட்சி மாற்றம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. குடும்பங்களிலோ அது தலைமுறைக் கவலையாகத் தொடர்ந்தது.

பெற்றோர்களே, வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய பிறப்புப் பத்திரமோ பயணப் பத்திரமோ இருந்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதில் எந்த ஆட்சியின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது என்று அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். வரலாறு நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும்.